மூத்தவள் போன நஷ்டம்

...இல்லை என்று சொன்னது தன் வாய்தானா, வஞ்சியூர்க் கோர்ட்டு வளாகத்து மாமரத்தடியில் மனைவி சொர்ணம்மாள் பிரித்துவைத்த புளிச்சோற்றைத் தொடாமல் சிவதாணு பிள்ளை தன்னையே கேட்டுக்கொண்டார், மகள் கூலிக்குத் தைத்தாளா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லும், கேஸே அதில்தான் இருக்கிறது என்று வக்கீல் நாகேஸ்வரன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாரே... லாரி ஏறிச் செத்த பெண்ணுக்காக அழுகிற அழுகைக்குச் சட்டத்தில் நஷ்டஈடு கிடையாது, அவள் சம்பாத்தியம் நின்றுபோனதற்குத்தான் உண்டு என்று. சாலைக் கம்போளத்து மண்டியில் கணக்கெழுதுகிறவருக்கு இது புரியாதா? ஆனால் கூண்டில் ஏறி நிமிர்ந்தால் முன்பெஞ்சியில் பூதப்பாண்டி குற்றாலலிங்கம் பிள்ளை, செத்துப்போன மூத்தவள் முத்தாரம்மாளுக்கு நிச்சயமாகியிருந்த மாப்பிள்ளையின் தகப்பனார், இப்போது அதே மாப்பிள்ளைக்கு இளையவளைக் கேட்டு வந்திருக்கிறவர். அவ்வளவுதான், நாக்கு புரண்டுவிட்டது. எங்கள் வீட்டுப் பெண்கள் கூலிக்குத் தைக்கிற வழக்கமில்லை என்றார். அதோடு நின்றாரா? மூத்தவளுக்கு நகையும் வயலுமாக எவ்வளவு போடுவதாக இருந்தேன் தெரியுமா என்று இல்லாததையும் கூட்டிச் சொல்லி... லாரி முதலாளியின் வக்கீல் இதற்கென்றே காத்திருந்தவர் போல எழுந்தார், குரலை உயர்த்தக்கூட இல்லை.

"அப்போ பிள்ளைவாள், பெண்ணு போனதில் உமக்கு நஷ்டமில்லை. லாபமாக்கும். அல்லே?"

யாரோ சிரித்தார்கள். குற்றாலலிங்கம் பிள்ளையா? இல்லை, அவர் குனிந்து மேல்துண்டை மடித்துக்கொண்டிருந்தார்... கழித்துப் பார்த்தால் கணக்கு சரிதானே, அந்த ஒரு நொடியில் மனசு கழித்தும் பார்த்துவிட்டதே, பெற்ற மனசா இது? சாப்பாட்டு இடைவேளை முடிந்ததும் சொர்ணம்மாளின் சாட்சி. ஒருவர் சொல்லும்போது மற்ற சாட்சியை உள்ளே விடமாட்டார்கள், இவளுக்கு எதுவும் தெரியாது. இப்போதே சொல்லிவிட வேண்டும், தைத்தாள் என்று சொல்லாதே, சொன்னால் நான் பொய்யன், இளையவளின் சம்பந்தமும் போய்விடும்... சொல்லாவிட்டால்? மூத்தவள் வெறும் செலவு என்று கோர்ட்டில் எழுதிவிடுவார்கள். வாயெடுத்தார்.

"மிஷின் மிதிச்சு மிதிச்சு அவளுக்குக் கணுக்கால் வீங்கிப் போவுமே, அதையும் சொல்லட்டா?" என்றாள் சொர்ணம்மாள். "ஏம் பிள்ளே இப்படிக் கெடந்து மிதிக்கேன்னு ஒருத்தரும் அவகிட்ட கேக்கல்ல. இண்ணைக்காவது ஒருத்தரு கேக்கப் போறாரு."

தலையை ஆட்டினார், ஆமாம் என்றா, வேண்டாம் என்றா, அவருக்கே தெரியவில்லை. சேவகன் அவள் பெயரைக் கூப்பிட்டான். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்குப் போகிறவள் போலப் படியேறினாள். ஒரு ரவிக்கைக்கு என்ன கூலி வாங்கினாள் என்று கேட்பார்கள், இவள் டக்கென்று சொல்லிவிடுவாள்... தன்னைக் கேட்டிருந்தால்? மாசக் கடைசியிலும் வீட்டில் அரிசி இருந்தது, இளையவளின் பள்ளிக்கூடச் சம்பளம் நாள் தவறாமல் கட்டியாயிற்று, எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளாவது கேட்டாரா? கேட்டால் பதில் தெரிந்துபோகும், அதனால்தானா? அப்படியானால் அவளை இல்லையென்று எழுதத் தொடங்கியது இன்று காலை கூண்டில் இல்லையே... ஜன்னலோரம் போய் நின்றால் உள்ளே பேசுவது காதில் விழும். சிவதாணு பிள்ளைக்குக் கால் எழும்பவில்லை.