மருதா சைலன்சர்

"மனிதகுலத்தின் காதுகளுக்கு நிம்மதி தந்த மாமேதை ஒருவரை மலாக்கா இன்று இழந்து நிற்கிறது," என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார் வழக்கறிஞர் ராஜரத்தினம். மாமேதை யாருக்கும் கேட்கவில்லை. வாசல் ரம்புத்தான் மரத்தில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கி, கலைந்த வண்டுக்கூடுபோல இரைந்துகொண்டிருந்தது. ராஜரத்தினம் தொண்டையைச் செருமிக்கொண்டு மனிதகுலத்திலிருந்து மறுபடி தொடங்கினார்.

"பெட்டி சூடேறணும் சார். கொஞ்சம் பொறுங்க லா," என்றான் ஜெயபாலன்.

ஜெயபாலன் இறந்துபோன மருதமுத்துவின் மருமகன். பெட்டி இறந்தவரின் கண்டுபிடிப்பு, ஒலிபெருக்கியின் இரைச்சலை அடக்குவதற்கு. ரொட்டி டின் அளவு, பச்சைச் சாயம், முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு, அதற்குக் கீழே பித்தளைத் தகட்டில் 'மருதா சைலன்சர்' என்ற பெயரும் காப்புரிமை எண்ணும். மாமா பெட்டி இல்லாமல் மாமாவை அனுப்புவதா என்று கேட்டு, ஜெயபாலன்தான் காலையில் அதை ஆம்பிளிபையருக்குப் பக்கத்தில் வைத்து வயரைச் செருகினான். அதே மேசையின் ஓரத்தில் பழைய மின்சாரக் காத்தாடி ஒன்று, ஈ மொய்க்காமல் இருக்க, மருதமுத்துவின் முகத்தைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது.

ஜெயபாலனின் மனைவி ருக்மணி அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். நேற்று மத்தியானம் ஆஸ்பத்திரியில் அவர் கண்ணை மூடியதிலிருந்து அவளுக்கு அழுகை வரவில்லை. அழ உட்கார்ந்தால் ஒரு தேதிதான் நினைவுக்கு வந்தது. 1951, தை மாதம் பதினாறு. அவளுடைய கல்யாண நாள்.

சென்ற வருடம், 1957-இல், நாட்டுக்கு விடுதலை வந்த அதே வாரத்தில் மருதமுத்து கலியாணசுந்தரத்துக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். இருவரும் ஒரு காலத்தில் காஜா பேராங்கில் ஒரே கடையில் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவர்கள். பிரிந்துபோன கலியாணசுந்தரம் தெங்கேராவில் ரேடியோ கடை போட்டு, அதே பெட்டியை நீலச் சாயம் அடித்து 'இரைச்சல் இல்லா இன்பம்' என்ற பலகையின் கீழ் அடுக்கிவைத்தார். நோட்டீஸ் கிடைத்ததும், காப்புரிமையே செல்லாது என்று அவர் கோர்ட்டுக்குப் போனார்.

மருதமுத்துவின் வக்கீலான ராஜரத்தினம் மூன்று வாரத்துக்கு முன்னால் இதே கூடத்தில் அதை விளக்கினார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். மேடையில் ஒரு தமிழ், வீட்டுக்குள் ஒரு தமிழ்.

"விண்ணப்பம் போட்டது ஐம்பத்து மூண்டிலை. அதுக்கு முந்தியே நாலு பேர் பார்க்கப் பாவிச்ச சாமான் எண்டால் அது புதுசு இல்லை. புதுசு இல்லாட்டில் பேட்டன்ட் செல்லாது. உம்மட கலியாணத்திலை பெட்டி ஓடினது எண்டு அவன் சொல்லுறான். அவனுக்கு இன்னொரு சாட்சி வேணும். அதுதான் கிடைக்கேல்லை."

"ஓடுச்சே சார்," என்றாள் ருக்மணி. "பந்தல்ல சிவப்பு லைட் எரிஞ்சுச்சு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

ராஜரத்தினம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். கட்டிலில் சாய்ந்திருந்த அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு நாயனம் எவ்ளோ சுத்தமா கேட்டுச்சு... என் பேருல இருக்கிறது அது ஒண்ணுதாம்மா. அவன் அதையும் பிடுங்கப் பாக்குறான்."

அவள் கையெழுத்துப் போட்டாள். தன் திருமணத்தில் அப்படிப்பட்ட கருவி எதுவும் பயன்படுத்தப்படவில்லை என்று சத்தியப் பிரமாணம். வருகிற திங்கட்கிழமை கோர்ட்டில் ஏறி, அதையே வாயால் சொல்ல வேண்டும். அப்பா இருந்தவரை அவர்தான் முதல் சாட்சி, இப்போது அவள் மட்டும்தான். பொய்ச் சத்தியம் என்று தெரிந்தால் ஜெயில் என்றும், ஜெயிலுக்கு முன்பே தமிழ்ப் பள்ளிக்கூடத்து வேலை போய்விடும் என்றும் அவளுக்குத் தெரியும். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவள்தான் நல்லொழுக்கப் பாடமும் எடுக்கிறாள்.

ராஜரத்தினம் இரங்கலை முடித்துக்கொண்டு, மைக்கை அணைக்காமல், மருதமுத்துவின் தலைமாட்டில் வைத்துவிட்டு இறங்கினார். திருவாசகம் பாடுகிறவர் புக்கிட் பாருவிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை.

அவருக்குப் பதிலாக வாசலில் ரோஜா மாலையோடு கலியாணசுந்தரம் வந்து நின்றார்.

கூட்டம் விலகி வழிவிட்டது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே வந்து மாலையைப் போட்டார். முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு பார்வை தானாக மேசைக்குப் போய், பச்சைப் பெட்டியில் நின்றது.

"வாங்க சித்தப்பா," என்றாள் ருக்மணி. சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறாள். வழக்கு வந்தது என்பதற்காக முறையை மாற்ற முடியவில்லை.

"நல்லா இருந்த மனுசன்," என்றார் அவர். "திங்கக்கெழம வரைக்கும் பொறுத்திருக்கலாம்."

"சொல்லிட்டு வர்றதுக்குச் சாவென்ன கோர்ட் சம்மனா?" என்றாள் பக்கத்திலிருந்த ஒரு கிழவி.

அவர் ராஜரத்தினத்துக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல், ஒரே தட்டில் வெற்றிலை எடுத்தார்கள்.

அப்போதுதான் பொன்னம்மா வாய் திறந்தாள்.

என்ன பேசவேண்டும், என்ன பேசக்கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் பாடம் சொல்லிக் கொடுத்த வக்கீல், பொன்னம்மாவை மட்டும் விட்டுவிட்டார். மருதமுத்துவின் மனைவி பேசுகிறவளே இல்லை. முப்பது வருடமாக வீட்டில் பேச்செல்லாம் அவர்தான். ஆனால் புருஷன் செத்தால் ஒப்பாரி வைக்க வேண்டும். ஒப்பாரி என்றால் செத்தவன் செய்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லியாக வேண்டும். பொன்னம்மா தலைமாட்டில், மைக்குக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

"செங்கு தோட்டத்துல சீனிக்கிழங்கு தின்னுகிட்டு
சைக்கிள்ல வந்தீகளே, என் ராசாவே..."

ரம்புத்தான் மரம் அதை இரைச்சலோடு சேர்த்துத் தெரு முழுக்கச் சொன்னது. ஜெயபாலன் மைக்கை அணைக்கப் போனான். பெண்கள் அவனைத் தடுத்துவிட்டார்கள். "கட்டுனவ அழுவுறா. ஊரு கேக்கட்டுமே!"

முதல் ரேடியோ, முதல் குழாய், மாரியம்மன் திருவிழாவில் கம்பத்தில் ஏறி விழுந்தது என்று வருடவாரியாக வந்தாள். அடுத்து கல்யாண வருடமும் வரும் என்று ருக்மணிக்குத் தெரிந்தது. எழுந்து போய் அம்மாவின் தோளைக் கட்டிக்கொண்டு காதோரம் குனிந்தாள்.

"போதும்மா. தண்ணி குடி. கொஞ்ச நேரம் சும்மா இரு."

பொன்னம்மா மகளையும் சேர்த்து அணைத்துக்கொண்டாள். மகளைக் கண்டதும் மகளின் கல்யாணம் நினைவுக்கு வந்தது.

"ஒத்த மக கல்யாணத்துல, என் ராசாவே,
ஓரத்துல பெட்டி வச்சுச் செவப்பு வெளக்கு போட்டீகளே!
வெள்ளக்காரன் சீட்டு வர ரெண்டு வருசம் முந்தியே
வீட்டுவாசப் பந்தலில ஊர்பாக்க வச்சீகளே!"

ராஜரத்தினத்துக்கு வெற்றிலை புரையேறியது. கலியாணசுந்தரம் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். எழுதக் காகிதம் இல்லாமல், இரங்கல் நோட்டீஸைத் திருப்பி அதன் முதுகில் எழுதத் தொடங்கினார்.

"ஒப்பாரி சாட்சியத்திலை சேராது," என்றார் ராஜரத்தினம், யாரும் கேட்காமலே.

"கேட்ட அறுவது பேரு சேருவாங்கல்ல?" என்றார் கலியாணசுந்தரம், தலை நிமிராமல்.

ருக்மணி அம்மாவின் தோளிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இனி மறைக்க ஒன்றுமில்லை. திங்கட்கிழமை கூண்டில் நிற்பது தெரிந்தது. தலைமை ஆசிரியர் அவளுடைய வருகைப் பதிவேட்டை இழுத்து மூடுவதும் தெரிந்தது. ஒப்பாரியின் அடுத்த அடிக்கு அம்மா மூச்சு இழுப்பதை அவள் கன்னத்தில் உணர்ந்தாள்.

"பெட்டி வச்சும் பந்தலில பேயாட்டம் இரையுதுன்னு
பேந்தப்பேந்த முழிச்சீகளே, என் ராசாவே!
சம்பந்திக்குப் போட்டு வச்ச காத்தாடிய நிறுத்திப்புட
சமயத்துல தோணலியே, என் ராசாவே!
கைவேலையப் போட்டுப்புட்டு நாம்போயி நிறுத்தவும்தான்
கப்புனு நின்னுச்சே, என் ராசாவே!
பெட்டிதான் நிறுத்துச்சுன்னு பூரிச்சுப் போனீகளே,
பொழச்சுப் போகட்டுன்னு நாஞ்சொல்ல மறந்தேனே!"

பேனா நின்றது.

கூடத்தில் வேறு யாருக்கும் எதுவும் விளங்கியதாகத் தெரியவில்லை. பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். ருக்மணி மட்டும் மெல்லத் தலையைத் தூக்கி, முதலில் அப்பாவைப் பார்த்தாள். ஏழு வருடமாக அவர் நெற்றியில் இருந்த பெருமை, செத்த பிறகும் அப்படியே இருந்தது. பிறகு கலியாணசுந்தரத்தைப் பார்த்தாள். அவர் தெங்கேரா கடையில் அடுக்கிவைத்திருக்கிற, எந்த இரைச்சலையும் நிறுத்தாத நீலப் பெட்டிகளை ஒவ்வொன்றாக மனதுக்குள் இறக்கிக்கொண்டிருந்தார். ராஜரத்தினம் உத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கலியாணசுந்தரம் நோட்டீஸை நாலாக மடித்தார். இன்னொரு தடவை மடித்தார். மடியில் செருகிக்கொண்டார்.

"ருக்கு."

"என்ன சித்தப்பா?"

"திங்கக்கெழம நீ அலையாத. துக்க வீட்டுல எதுக்குக் கோர்ட்டு கீர்ட்டுன்னு. நானும் பாக்குறேன், போகணுமான்னு." பொன்னம்மாவை ஒரு பார்வை பார்த்து, "அம்மா இதெல்லாம் வெளிய பேசுவாங்களா?"

"அம்மா பேசவே மாட்டாங்க சித்தப்பா."

"நல்ல பொம்பள," என்றார் அவர்.

ராஜரத்தினம் நாற்காலியை ஓர் அடி அவர் பக்கம் நகர்த்திப் போட்டார். "சமாதானமாப் போறது எப்பவும் நல்லது. பொதுமக்களின்ர நன்மையையும் பார்க்க வேணுமே."

ருக்மணிக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது மாதிரியும் இருந்தது. ஆனால் அப்பா கையைப் பிடித்துச் சொன்னதுதான் திரும்பத் திரும்பக் கேட்டது. அன்றைக்கு நாயனம் எவ்வளவு சுத்தமாகக் கேட்டது என்று. அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வழக்கம்போல ஒன்றும் பேசாமல், அப்பாவின் நெற்றியில் விபூதியைச் சரிசெய்தாள்.

திருவாசகக்காரர் வந்துவிட்டார். மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடி முதல் வரியை எடுத்தார். வண்டுகள் கூடவே எடுத்தன. அவர் கண்ணைத் திறந்தார்.

"பெட்டி சூடேறணும்," என்றான் ஜெயபாலன்.

எல்லோரும் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். பாடகர் இரண்டாம் முறை எடுத்தார். இரைச்சல் இன்னும் கூடியது. தலைமாட்டிலிருந்து பொன்னம்மா கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாள். அதற்குள் கலியாணசுந்தரம் அவசரமாக எழுந்துவந்து, மேசைக்கு முதுகைக் காட்டி நின்று, பின்பக்கமாகக் கையை விட்டுக் காத்தாடியை நிறுத்தினார்.

இரைச்சல் நின்றது. பாட்டு மணியாகக் கேட்டது.

"பாத்தீங்களா, சூடேறிடுச்சு," என்றான் ஜெயபாலன். நாலைந்து பேர் பெட்டியைப் பார்த்துத் தலையசைத்தார்கள்.

காத்தாடி நின்றுபோனதால் மாமேதையின் மூக்கில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது.