தென்காசிப் பூங்காவில் குழாய் மழை

குத்தாலத்துக்காரியைப் பார்த்து, தென்காசிப் பூங்காவில் போய்க் குழாய்த் தண்ணீரில் பிள்ளையை நனைத்துவிட்டு வா என்று சொன்னால் கோபம் வருமா, வராதா? எனக்கு வந்தது. சொன்னவள் பக்கத்து வீட்டுப் பிச்சம்மாள். அறுபத்து மூன்றாம் வருஷம், சித்திரை மாதம். அருவியில் பொட்டுத் தண்ணீர் இல்லை. பூங்காவில் வட்டமாகச் சிமிண்டுத் தளம் போட்டு, தலைக்கு மேலே ஓட்டை போட்ட குழாய்களைச் சுற்றிவிட்டிருக்கிறார்களாம். சாயங்காலம் வால்வைத் திறந்தால் மழை மாதிரி கொட்டுமாம், சின்னப் பிள்ளைகள் ஆடலாமாம். மண்ணாங்கட்டி என்றேன்.

ஆனால் போனேன். எல்லாம் என் மகள் மங்களேஸ்வரிக்காக. ஐந்து வயது அவளுக்கு. போன சாரல் சீசனில் பேரருவியில் கூட்டம் நெருக்கியடித்ததில் என் கையைவிட்டு நழுவி, தண்ணீருக்கு நேர் கீழே மாட்டிக்கொண்டாள். உடனே இழுத்துவிட்டேன். ஆனாலும் அன்றிலிருந்து தலையில் ஒரு சொம்புத் தண்ணீர் விட முடியாது. அலறுகிற அலறலில் தெருவே கூடிவிடும். ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து முடியெல்லாம் சிக்குப் பிடித்துப்போனது. ஆனியில் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். அதற்குள் தலைக்கு ஊற்ற விடாவிட்டால் மொட்டை அடித்துவிடுவேன் என்றார் அவள் அப்பா. மொட்டை அடிக்க எனக்கு மனசு வருமா? அப்படியொரு முடி அவளுக்கு.

அன்று வெள்ளிக்கிழமை. பஸ் ஏறுமுன் உச்சி முதல் பாதம்வரை நல்லெண்ணெய் தேய்த்துவிட்டேன். எண்ணெய் என்றால் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். எண்ணெய் தேய்க்காமல் குளிக்கப் போவது எங்கள் ஊரில் உண்டா என்ன?

பூங்கா வாசலில் காக்கிச்சட்டைக்காரர் மறித்தார். ஆறுமுகநயினார் என்று பெயர். வால்வைத் திறப்பதும் காவல் பார்ப்பதும் அவர்தான்.

"எண்ணெயோட உள்ள விட முடியாதும்மா. கீழ சிமிண்டு. நேத்து ஒரு பிள்ள வழுக்கி விழுந்துட்டு" என்றார். ஓரத்துக் குழாயில் தலையைக் கழுவிவிட்டுக் கூட்டிவரச் சொன்னார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தலை கழுவ முடிந்தால் நான் ஏன் பஸ் ஏறி இங்கே வருகிறேன்? நாலு வார்த்தை நன்றாகவே கேட்டேன். கேட்டுக்கொண்டே வந்து கடைசியில் கெஞ்சிவிட்டேன்.

"தலையில தண்ணி விட்டாச் செத்துருவோம்னு நெனைக்கா அண்ணாச்சி. நான் எப்படிக் கழுவ?"

அவர் மங்களேஸ்வரியைப் பார்த்தார். அவள் என் சேலையைப் பிடித்தபடி, உள்ளே பிள்ளைகள் குதிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.  நேரே போய் வால்வை மூடினார். மழை நின்றது. பிள்ளைகள் ஓவென்று கத்தின. காவல் அறையிலிருந்து, எண்ணெய் போக்கும் அரப்புப் பொடியும் ஒரு வாளித் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார்.

"இந்தத் தங்கச்சிக்கு எண்ணெ போனாத்தான் மழை. ஒருத்தரும் தலையில ஊத்தக் கூடாது, கேட்டியளா? கையால தொட்டுத் தொட்டுத் தேய்ங்க."

அவ்வளவுதான், பிள்ளைகள் ஈ மொய்க்கிற மாதிரி மொய்த்துவிட்டார்கள். ஒருத்தி காலைத் தேய்த்தாள், ஒருத்தன் முதுகைத் தேய்த்தான். மங்களேஸ்வரி முதலில் விறைத்து நின்றாள். யாரோ அக்குளில் கை வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது, கூச்சம் தாங்காமல் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக ஒரு சிறுமி குவித்த கையிலிருந்து அவள் உச்சியில் நீரை வழியவிட்டாள்.  மங்களேஸ்வரி கண்ணை இறுக மூடினாள். அலறவில்லை. கொஞ்சம் பொறுத்து, தானே தலையைக் குனிந்து காட்டினாள்.

அந்த மனுஷனை என்ன சொல்லிப் பாராட்ட? எண்ணெய்ப் பிள்ளை, போ என்று விரட்டியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். என் பிள்ளைக்காக மழையையே நிறுத்தி வைத்தாரே. இன்றைக்கு நினைத்தாலும் கைகூப்பத் தோன்றுகிறது.

எண்ணெய் போனதும் அவர் வால்வைச் சிறிதாகத் திறந்தார். தூறல் விழுந்தது. மற்றப் பிள்ளைகளோடு கைகோத்து மங்களேஸ்வரியும் உள்ளே போனாள். நான் கூப்பிட்டால்கூடத் திரும்பியிருக்க மாட்டாள். நட்டநடுவில் போய் நின்று முகத்தை அண்ணாந்தாள்.

"தாத்தா, இன்னும் பெருசா விடுங்க" என்றாள்.

வால்வில் கையை வைத்தபடி அவர் என்னைப் பார்த்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சரியென்று தலையை ஆட்டினேன். அவர் முழுசாகத் திறந்துவிட்டார்.