ஓட்டுக்கு விட்ட உச்சரிப்பு

சின்ன மருமகள் வீட்டை விட்டுக் கிளம்புவதற்குள் ஓர் ஆங்கிலச் சொல்லுக்குத் தீர்ப்பு வந்தாக வேண்டும்.

ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலைக்கு அன்று குரல் தேர்வு. ஒரே ஓர் இடம். அவளுக்கு வயது வரம்பு இந்த வருடத்தோடு முடிகிறது. கல்யாணத்துக்கு முன் வானொலியில் ஒலித்த குரல், இப்போது ‘பால் பொங்குது’, ‘கதவைச் சாத்துங்க’ என்ற அளவில் நின்றுபோயிருந்தது. இன்று விட்டால் விட்டதுதான்.

வாசிக்க வேண்டிய மாதிரி ஆங்கில அறிவிப்பை முன்கூட்டியே அனுப்பியிருந்தார்கள். கடைசி வரியில் ‘ரீஷெட்யூல்டு’ என்று ஒரு வில்லன். சாப்பாட்டு மேஜையில் வாய் தவறிக் கேட்டுவிட்டாள்.

“மாமா, இதை ஷெட்யூல்னு சொல்லணுமா, ஸ்கெட்யூல்னு சொல்லணுமா?”

மாமனார் கரண்டியால் தம்ளரைத் தட்டினார். டிங்.

“அவை கூடுகிறது.”

அந்த வீட்டில் ஆங்கிலச் சந்தேகத்தை ஓட்டெடுப்புதான் தீர்க்கும். முன்பெல்லாம் அகராதி இருந்தது. ஒரு சொல்லுக்காக மாமனாரும் அவருடைய மைத்துனரும் அகராதியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்ததில், மைத்துனர் வீட்டுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார். “என் தம்பியை விரட்டின புத்தகம் எனக்கு வேணாம்” என்று மாமியார் அதைப் பரணில் போட்டுவிட்டார். அன்று பிறந்தது சட்டம். கை தூக்கு. எந்த உச்சரிப்புக்குக் கை அதிகமோ, அதைத்தான் தோற்றவரும் பேச வேண்டும். மீறினால் எல்லோர் தட்டையும் கழுவ வேண்டும். சந்தேகம் கேட்டவருக்கு ஓட்டு கிடையாது. தெருவே மாமனாரைச் ‘சபாநாயகர்’ என்றுதான் கூப்பிட்டது.

வானொலிக்காரிக்கு இது முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு தட்டு கழுவிக் கழுவி அலுத்துப்போனது. வந்த புதிதில் ‘வெட்னெஸ்டே’ அமோக வெற்றி பெற்றது. “எழுத்தைச் சும்மாவா போட்டு வெச்சிருக்கான்? காசு குடுத்து வாங்கின மாதிரி ஒண்ணு விடாம சொல்லணும்” என்று மாமனார் முழங்கியிருந்தார். அவளுக்குத் தெரியும், அது ‘வென்ஸ்டே’. ஆனால் நாக்குக்கு வீட்டுச் சட்டம் பழகிவிட்டது.

“ஸ்கூலை ஷூல்னா சொல்றோம்? ஸ்கெட்யூல்தான்” என்றார் மாமியார், கையை உயர்த்தி.

“எங்க மருந்துக்கடைக்கு வர்ற கம்பெனி ஆளுங்க எல்லாரும் ஷெட்யூல்னுதான் சொல்றாங்க அத்தை” என்றாள் பெரிய மருமகள்.

மாமியார் தூக்கிய பக்கத்துக்கு மாமனார் தூக்கிய வரலாறு இல்லை. அவர் கை ஷெட்யூலுக்கு. பெரிய மகன் வெளியூர் வேலையில். மீதியிருந்த ஒரே ஓட்டு, சின்னவளின் கணவன்.

அவன் மனைவியைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். கை மெதுவாக அம்மா பக்கம் எழுந்தது.

“எனக்குத் தெரியும்” என்றாள் மனைவி.

“ரெண்டுக்கு ரெண்டு. இழுபறி” என்றார் மாமனார். “அவை சாயங்காலத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது.”

“மாமா, தேர்வு காலையில!”

“அவைக்கு அவசரம் கிடையாதும்மா.”

பேருந்தில் போகும்போது போனில் தேடினாள். இரண்டும் சரி என்றது. இரண்டும் சரி என்றால் நாக்கு எதைப் பிடித்துக்கொள்ளும்?

சுவரெல்லாம் பஞ்சுப் பலகை ஒட்டிய சின்ன அறை. ஒரு மைக், ஒரு பேனா, ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர். தடுப்புக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்னொரு மைக், மூன்று பேர். நிலைய மேலாளர். காலை நேர அறிவிப்பாளரான ஓர் அம்மாள். மாலை நேர அறிவிப்பாளரான வழுக்கைத் தலைக்காரர்.

பச்சை விளக்கு எரிந்தது.

முதல் வரி வெண்ணெய்போல் வழுக்கிக்கொண்டு போனது. மேலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டாம் வரியில் புதன்கிழமை.

“வெட்…”

விழுங்கினாள். “வென்ஸ்டே.” கண்ணாடிக்கு அப்பால் வழுக்கைக்காரரின் பேனா எதையோ குறித்தது.

கடைசி வரி. அந்தச் சொல்லுக்கு முன்னால் வந்து நின்றாள். நாக்கு நகரவில்லை. தீர்ப்பு வராத சொல்லை அந்த வீட்டில் யாரும் வாயில் போடுவதில்லை.

கை தானாக நீண்டது. பேனாவால் தம்ளரைத் தட்டியது. டிங்.

“ஷெட்யூல்னு சொல்றவங்க கை தூக்குங்க.”

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. தொலைந்தேன் என்று நினைத்தாள்.

காலை அம்மாளின் கை சட்டென்று உயர்ந்தது. “அப்படிக் கேளும்மா! எத்தனை வருஷமா சொல்றேன் இவர்கிட்ட!”

“ஏன், ஸ்கெட்யூல்னு சொன்னா ரயில் வராதா?” என்றார் வழுக்கைக்காரர்.

“வரும். வெட்கப்பட்டுக்கிட்டு வரும்.”

மேலாளர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். “காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. இது வேற வண்டியா, அது வேற வண்டியான்னு பயணிங்க என்னைக் கேக்கறாங்க! ரெண்டும் ஒரே தண்டவாளத்துலதான்யா போகுது!” பிறகு மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். “ஏம்மா, கிளப்பிவிட்டது நீங்க. உங்க ஓட்டு எது?”

“கேட்டவங்களுக்கு ஓட்டு இல்ல சார். எங்க வீட்ல.”

“இது உங்க வீடு இல்லம்மா.”

இரண்டு முகங்கள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு அவளையே பார்த்தன. எதைச் சொன்னாலும் ஒரு மதிப்பெண் தாள் கைவிட்டுப் போகும்.

“ரெண்டும் சரிதான் சார். ஊருக்கு ஊர் மாறுது.”

“அப்புறம் எதுக்கு நிறுத்தினீங்க?”

“வீட்ல தீர்ப்பு சாயங்காலம்தான் வரும்.”

“ரயிலு சாயங்காலம் வரைக்கும் நிக்காதும்மா. வாசிங்க.”

வாசித்தாள். நடுவில் இருந்து அல்ல, முதல் வரியிலிருந்து. புதன்கிழமை சுத்தமாக வந்தது. கடைசி வரியில் மூச்சுகூட வாங்காமல் ‘ரீஷெட்யூல்டு’ என்றாள். யார் கையையும் பார்க்கவில்லை.

வழுக்கைக்காரர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

மாலை வீட்டுக்குள் நுழையும்போதே டிங் கேட்டது. “அவை கூடுகிறது. காலையில ஒத்திவெச்ச விஷயம்…”

“வேலை கிடைச்சிடுச்சு மாமா.”

கரண்டி மேஜையில் விழுந்தது. மாமியார் அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். பெரிய மருமகள் கட்டிக்கொண்டாள். மாமனார் மட்டும் பதவிக்குரிய நிதானத்தைக் கைவிடவில்லை.

“ஏகமனதாவா?”

“இல்ல மாமா. ரெண்டுக்கு ஒண்ணு. மாலை அறிவிப்பாளர் எதிர்த்து ஓட்டுப் போட்டுட்டார்.”

“போனாப் போறார். அவர் மூஞ்சியில நீ என்ன தினமுமா முழிக்கப்போறே?”

“அவர்கூடத்தான் மாமா எனக்கு ஷிப்ட். நாளையிலிருந்து.”

கணவன் பெருமூச்சு விட்டான். “ஐயோ பாவம்.”

“யாரு, நானா?”

“அவருதான்.”