அடித்துத் திருத்திய அட்டை

அந்த வீட்டின் முன்னறைக்குள் நுழைவதற்கு முன் எல்லோரும் ஒருமுறை இருமுவார்கள். யாருக்கும் சளி கிடையாது. சொல்லாமல் கொள்ளாமல் ஆள் வந்து நின்றால் தொட்டியிலிருக்கும் மீன் மிரண்டு கண்ணாடியில் போய் முட்டும். மூக்கை உடைத்துக்கொண்டு இரண்டு நாள் சாப்பிடாது. அதனால் அப்பா போட்ட சட்டம் அது. பேரைக் கேட்டாலே கடித்துக் குதறும் என்று பயந்து விருந்தாளிகள் காலைத் தூக்கிச் சோபாவில் வைத்துக்கொள்ளும் பிரானா, வீட்டு மனிதர்களின் செருப்புச் சத்தத்துக்கு நடுங்கியது.

அன்றைக்கும் மூத்த மகள் இருமிவிட்டுத்தான் உள்ளே போனாள். அறை பாதி காலியாகியிருந்தது. சோபா போய்விட்டது. சுவரில் கடிகாரம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாக வட்டமாகத் தெரிந்தது. அப்பா தவறிப்போய் ஒரு வருஷம். அம்மா மறுநாள் தம்பியின் அடுக்குமாடி வீட்டுக்குப் போகிறாள். அங்கே நாலடித் தொட்டிக்கு இடமில்லை. பூங்கா மீன் காட்சியகத்தில் பேசி ஏற்பாடு செய்துவிட்டான் தம்பி. நாலு மணிக்கு ஆள் வரும்.

தொட்டியின் மேல் மூலையில் அப்பாவின் அட்டை அப்படியே இருந்தது. அப்பா வரைபட அலுவலகத்தில் வேலை பார்த்தவர். மிளகாய்த்தூள் டப்பாவிலிருந்து மின்விசைப் பலகைவரை எதற்கும் அச்சுப் போன்ற எழுத்தில் அட்டை ஒட்டாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. மீன்தொட்டிக்கு எழுதியது இது: ‘சிவப்பு வயிற்றுப் பிரானா – ஐந்து.’ அந்த ‘ஐந்து’ மீது அளவுகோல் வைத்து இழுத்த ஒரு கோடு. பக்கத்தில் ‘ஒன்று.’

அந்தக் கோட்டுக்கு இருபத்திரண்டு வயது.

அப்போது அவளுக்குப் பதினைந்து. பெரியப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார் என்று மற்றவர்கள் நாலு நாள் வெளியூர் போனார்கள். அவளுக்குப் பரீட்சை. சாப்பாடும் படுக்கையும் பக்கத்து வீட்டு அத்தையிடம். மீனுக்கு நாலு பொட்டலம் இறால் குளிர்பெட்டியில் இருந்தது. ஒவ்வொன்றிலும் கிழமை எழுதியிருந்தார் அப்பா. வியாழன் போட்டாள், வெள்ளி போட்டாள். சனிக்கிழமை தோழியோடு சினிமாவுக்குப் போனவள் நேராக அத்தை வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டாள். ஞாயிறு மாலை வந்து பார்த்தால் வால் துண்டுகள் மிதந்தன. நடுவில் ஒரே ஒரு மீன், ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி.

அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பாள். குளிர்பெட்டியைத் திறந்து ‘சனி’ என்று எழுதிய பொட்டலத்தை எடுத்துப் பார்த்தார். “பசி வந்தா அதுங்க என்ன பண்ணும், பாவம்” என்றார். பிறகு அளவுகோலை எடுத்தார்.

மறுவாரமே அவளோடு பழையபடி ஆகிவிட்டார். தொட்டி கழுவும் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் முழங்கை வரை நனைந்து நிற்பார்கள். கூழாங்கல்லுக்கிடையில் மீன் உதிர்த்த பல் கிடைக்கும், நாலைந்து சேர்ந்து ரம்பம் மாதிரி ஒரே கட்டையாக. “பாரு, ஒரு பக்கத்துப் பல்லெல்லாம் ஒண்ணா விழுது, ஒண்ணா முளைக்குது. நமக்கு இப்படி இருந்தா டாக்டருக்கு ஏன் தண்டம் அழறோம்?” என்பார். மருந்துச் சீசாவில் சேர்த்து வைத்தார்கள். பின்னால் அவள் பல் செட் செய்யும் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, “எல்லாம் அவன் போட்ட பிச்சை” என்று மீனைக் காட்டிச் சிரித்தார். அவளும் சிரித்தாள். ஆனால் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கும்போதெல்லாம் அந்தக் கோட்டைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்க்கப் பழகிக்கொண்டாள்.

நாலு மணிக்குக் காட்சியகத்துக்காரர் வந்தார். கையில் வலை, மூடி போட்ட பெரிய வாளி, பாட்டரியில் ஓடும் காற்றுக்குழாய்.

“இருமிட்டு வாங்க” என்றாள் அம்மா.

“எனக்கு இருமல் இல்லையேம்மா.”

“மீனுக்காகத்தான்.”

அவர் மரியாதையாக இருமினார். “பிரானாதானே? நிறையப் பேர் பாக்கூ மீன வாங்கிட்டு பிரானான்னு பெருமை பேசுவாங்க. அதுக்கு மனுஷன் மாதிரி கடைவாய்ப்பல்லு. பழம் தின்னும்.”

அவள் சீசாவை நீட்டினாள். ஒரு பல் கட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “முக்கோணம். சரி, பிரானாதான். எங்ககிட்ட சிவப்பு வயிறு பதினொண்ணு இருக்கு. இவரு பன்னெண்டாவது. எத்தன நாளா தனியா இருக்காரு?”

“இருபத்திரண்டு வருஷம்.”

“கூட்டத்துல வாழற சாதியாச்சே. ஏன் தனியா விட்டீங்க?”

தம்பி சிரித்தான். “அக்காவக் கேளுங்க. பட்டினி போட்டே நாலு பேர அனுப்பி வெச்சவ.”

இருபத்திரண்டு வருஷமாகக் கேட்ட கேலிதான். ஆனால் அன்றைக்கு அவளால் சிரிக்க முடியவில்லை. சினிமா, பொட்டலம், வால் துண்டு, ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னாள். “அங்கயும் ஒரு நாள் சாப்பாடு தவறினா உங்க மீன இது ஏதாவது பண்ணிடுமா?” என்று கேட்டாள்.

அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கைவிளக்கைச் சாய்வாக அடித்தார்.

“வயிறு எப்பவாவது சிவப்பா இருந்துச்சா?”

“சின்னதுல தாடைக்குக் கீழ லேசா இருந்துச்சு” என்றாள் அம்மா. “அப்புறம் வெளுத்துடுச்சு. வயசானா யாருக்குத்தான் சாயம் நிக்குதுன்னு அவர் சொல்வார்.”

“சிவப்பு வயிறுன்னா முகம் மொழுக்குன்னு மழுங்கி இருக்கும்மா. இதுக்கு நெத்தியில பள்ளம் வாங்கி மூக்கு கூரா வருது பாருங்க. கண்ணு முழுக்க ரத்தம். வால் ஓரத்துல கறுப்புக் கரை. இது கறுப்புப் பிரானா. காசு அளவு குட்டியில எல்லாம் ஒரே அச்சு, கடைக்காரனே கண்டுபிடிக்க மாட்டான். நாலு சிவப்பு வயித்துக்கு நடுவுல இவரு ஒருத்தரு மாறி வந்திருக்காரு.”

“அப்ப... சனிக்கிழமை?”

“ஒரு நாள் சோறு தவறினதுக்குக் குடும்பத்தையே தீர்த்துக்கட்ட இது என்ன எங்க மாமனாரா?” என்றார் அவர். “நீங்க மூணு வேளையும் விருந்து வெச்சிருந்தாலும் அந்த நாலும் பிழைச்சிருக்காது. இது பசிக்குச் செய்யல, இடத்துக்குச் செஞ்சது. தனிக்கட்டைச் சாதி. எங்க தொட்டியில விட்டா ஒண்ணு அதுங்க இருக்கும், இல்ல இது இருக்கும். மன்னிச்சுக்குங்க, நான் எடுத்துட்டுப் போக முடியாது.”

தம்பி தரையைப் பார்த்தான். “இவ்வளவு நாள் சும்மாவே உன்ன ஓட்டிட்டேன்க்கா” என்றான்.

“சும்மா இல்லடா. நான் போடலதான்” என்றாள். ஆனால் நெஞ்சில் எதுவோ இடம் மாறி உட்கார்ந்தது. இதைச் சொல்ல அப்பா இல்லையே என்பதுதான் தாங்கவில்லை. செய்யாத கொலையை அவர் எவ்வளவு பிரியமாக மன்னித்திருந்தார்!

“உங்கப்பா கேட்டிருந்தா இந்நேரம் அட்டையை மாத்தியிருப்பார்” என்றாள் அம்மா.

கட்டி வைத்திருந்த பெட்டியைப் பிரித்து அளவுகோலையும் பேனாவையும் எடுத்து அவளே மகள் கையில் கொடுத்தாள். மகள் ‘சிவப்பு வயிற்றுப்’ என்பதன் மேல் நேராக ஒரு கோடு இழுத்து, மேலே ‘கறுப்புப்’ என்று எழுதினாள். அவள் எழுத்து அவ்வளவு அழகில்லை. பிறகு தன் கணவருக்குப் போன் செய்தாள்.

“கடிக்குமா?” என்றது மறுமுனை.

“உங்க அக்காவ விடக் கம்மி.”

“அப்ப கொண்டு வா.”

மூன்றாம் நாள் காலை, தன் வீட்டு முன்னறை வாசலில் நின்று அவள் இருமினாள்.

“மருந்து வேணுமா?” என்று கணவர் சமையலறையிலிருந்து கேட்டார்.

“எனக்கில்ல” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். புது இடத்தில் மிரளும் என்று பயந்திருந்தாள். மீன் ஒற்றைச் சிவப்புக் கண்ணைத் திருப்பிப் பார்த்தது, அசையவில்லை. அந்த இருமல் அதற்குத் தெரியும்.