கல்யாண வூட்ல மெதுவா ஒரு பாட்டு

என் தங்கச்சி நிஷா கல்யாணத்துல நான் பாடியே தீருவேன்னு அடம் புடிச்சது நான்தான். யாரும் கூப்டல. அத மொதல்லயே சொல்லிடறேன். அப்பறம் யாரையும் குத்தம் சொல்லக் கூடாது பாருங்க.

எனுக்கு மெட்ராஸ்ல ஒரு பெரிய ஓட்டல்ல ஜாஸ் பாடற வேல. ஆறு வருசமா. ஜாஸ்னா ஒண்ணும் மாய மந்திரம் இல்ல. ஊருக்கே தெரிஞ்ச சினிமா பாட்டு, அதுலயும் எழுந்து நில்லு, ஜெயிச்சிக் காட்டுன்னு தைரியம் சொல்ற பாட்டா எடுத்துக்குவேன். வேகத்தப் பாதியாக் கொறச்சி, ஒவ்வொரு வரி முடியற எடத்துலயும் கொரல இழுத்து, வளைச்சி, கொஞ்சம் ஒடைச்சி வுடுவேன். எதிர்ல ஒக்காந்துகினு கீறவங்க சூப் குடிப்பாங்க. முடிச்சா ரெண்டு பேரு கை தட்டுவாங்க, அதுவும் சப்ளையருங்க. ரூமுக்கு வந்தா சாப்ட்டியான்னு கேக்க ஒரு நாதி கெடையாது.

எங்கப்பா தானியேலு. உத்திரமேரூர் ஏரிக்குக் கீழ நெல்லு வயல்ல கூலி வேல. பொண்ணு இன்னா பண்ணுதுன்னு யாருனா கேட்டா, கம்பெனில கீதுன்னு சொல்லுவாரு. எந்தக் கம்பெனின்னு கேட்டா, மெட்ராஸ் கம்பெனி. என் பாட்ட ஒரு வாட்டி கூட அவுரு கேட்டதில்ல. போன்ல அனுப்பிச்சா நெட் இல்லம்மான்னுவாரு. கிரிக்கெட் பாக்க மட்டும் நெட்டு கீதாமா. எனுக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. அவுரு ஒக்காந்து என் பாட்டு ஒண்ண முழுசா கேக்கணும். எம்பொண்ணு பாடறான்னு நாலு பேருகிட்ட சொல்லணும்.

காலைல சர்ச்சுல தாலி கட்டியாச்சி. மத்தியானம் மண்டபத்துல வரவேற்பு, லைட் மியூசிக்கு. குத்துப் பாட்டா ஓடிக்கினு இருந்துச்சி. நான் அப்பாவ இழுத்துகினு போயி மொத வரிசைல ஒக்கார வெச்சேன். கீபோர்டு வாசிக்கிறவர்கிட்ட மெதுவா வாசிங்கண்ணான்னு சொன்னேன். இன்னும் மெதுவாவான்னு அவுரு ரெண்டு வாட்டி கேட்டாரு.

பள்ளிக்கூட ஆண்டு விழாவுல பசங்க கைய ஒசத்திகினு ஆடுவாங்களே, அந்த மாதிரி பாட்டுதான். நாளைக்கு நம்ம நாள்னு வர்ற பாட்டு. மொத வரிலயே மண்டபம் கப்சிப்னு ஆச்சி. எனுக்கு ஒடம்பு சிலுத்துப் போச்சி. ஓட்டல்ல ஒரு நாளும் இப்டி ஆனதில்ல. ரெண்டாவது வரி கடைசில கொரல நல்லா இழுத்து வளைச்சேன். பொம்பளைங்க பக்கம் ஒருத்தி முந்தானையால வாய மூடிகினா. பக்கத்துல இருந்தவ அவ தோள்ல சாஞ்சா. போன மாசம் புருசனப் பறிகுடுத்த ஒரு அத்த, மார்ல கைய வெச்சிகினு வாய் வுட்டு அழுதுச்சி. நான் ஒரு மட்டி, பாட்டு மனசுல எறங்கிட்ச்சின்னு நெனச்சி இன்னும் இழுத்தேன்.

எங்க ஊர்ல கொரல அப்டி இழுத்து ஒடைக்கிறது ஒரே எடத்துலதான். சாவு வூட்ல, ஒப்பாரில. சின்ன வயசுலேர்ந்து கேட்டுக் கேட்டு என் தொண்டைல அதான் ஒக்காந்துகினு கீதுன்னு எனுக்கே தெரியல. மாப்ள வசந்த்குமாரோட அம்மா, கூரம் ஊர்க்காரங்க, எழுந்து நின்னு கல்யாணத்துல எழவுப் பாட்டான்னு கேட்டாங்க. எங்கம்மா மலர்க்கொடி ஓடியாந்து மைக்கப் புடுங்கிச்சி. மேடைல நிஷா தலையக் குனிஞ்சிகினு அழுதா. அவளுக்குக் கல்யாணம், நான் போயி இப்டிப் பண்ணிட்டேன். பூமி பொளந்து உள்ள போயிடலாம் போல இருந்துச்சி.

அடுத்த நிமிசமே குத்துப் பாட்டு ஆரமிச்சிட்டாங்க. நான் மண்டபத்துப் பின்னால, அண்டா கழுவற எடத்துல போயி நின்னேன். ஒருத்தரும் தேடி வரல. பந்தி முடிஞ்சி எச்சில் எலை எடுத்துப் போட வந்த ஆளுதான் கொஞ்சம் தள்ளி நில்லும்மான்னாரு.

சாயங்காலம் மெட்ராஸுக்குக் கெளம்பறப்போ அப்பா மட்டும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்தாரு. செங்கல்பட்டு பஸ்ல ஏறி ஒக்காந்தேன். அவுரு கீழ நின்னு ஜன்னல் கம்பியப் புடிச்சிகினாரு. கண்ணு செவந்து கெடந்துச்சி.

"நல்லா பாடற ஷாரோனு."

ஆறு வருசமா ஏங்கிக்கெடந்த வார்த்த.

"நான் செத்தா வந்து அந்தப் பாட்டையே பாடும்மா. அப்டியே பாடு, ஒண்ணும் மாத்தாத."

சரிப்பான்னேன். உயிரோட இருக்கறப்போ ஒரு வாட்டி முழுசா கேட்டுக்கோப்பான்னு வாயத் தொறக்கறதுக்குள்ள பஸ்ஸ எடுத்துட்டான்.