கோயிலுக்குள் மிலன்

வெளியே லாரி வந்து நின்ற சத்தம் கேட்டதும், ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டு வெரோனாவைப் பார்த்தார்கள். கோயிலை இடிக்க விடக்கூடாதென்று கதவை உள்ளே தாழிட்டு எல்லோரையும் உட்கார வைத்தவள் அவள்தான்.

பென்சில்வேனியாவின் இரும்பாலைக்கு வந்த ஸ்லோவாக்கியர்கள், ஷிப்டு முடிந்த கையோடு கல் சுமந்து கட்டிய கோயில் அது. ஆலையை மூடிவிட்டார்கள். இளசுகள் வேலை தேடி டெக்சாஸ் பக்கம் போய்விட்டார்கள். ஆள் குறைந்துவிட்டது, இதை இடித்துவிடலாம், மேட்டுத்தெரு ஐரிஷ்காரர்களோடு சேர்ந்து பூசை பாருங்கள் என்று மறைமாவட்டத் தலைவரான ஆயர் சொல்லிவிட்டார்.

வெரோனாவுக்கு ஆயர் மேல்கூட அவ்வளவு கோபமில்லை. கோபமெல்லாம் புருஷன் மிலன் மேல்தான். ஆலையை மூடக்கூடாதென்று வாஷிங்டன் வரை போய்க் கத்தியவன். தொழிற்சங்கக் கூட்டத்தில் அவன் எழுந்தால் நிர்வாகத்து ஆட்கள் நெளிவார்கள். தோற்ற பிறகு ஊமையாகிப் போனான். மூடிக்கிடந்த பலசரக்குக் கடைக்குள் புதிதாக வந்த சபைக்குப் போக ஆரம்பித்தான். விசுவாசம் இருந்தால் வேலை தானாக வரும் என்கிறாராம் அங்கே போதகர். எந்தக் கட்சியின் பெயரை அவன் அப்பா வீட்டுக்குள் சொல்லவிடமாட்டாரோ, போன தேர்தலில் அதற்கே ஓட்டுப் போட்டான். “நம்ம கட்சி மட்டும் என்னத்தக் கிழிச்சுது?” என்று அவன் கேட்டது அவளுக்கே நியாயமாகப் பட்டது. அதுதான் இன்னும் எரிச்சல்.

கதவு தட்டப்பட்டது. “வெரோனா, நான்தான்.”

“பாத்தியா, உன் வீட்டுக்காரர் வந்துட்டாரு,” என்றாள் பக்கத்தில் இருந்த லுட்மிலா.

தங்களுக்குத் துணையாகத்தான் வந்திருக்கிறான் என்று வெரோனா நினைத்தாள். அவசரமாகத் தாழை நீக்கினாள். மிலன் மஞ்சள் தலைக்கவசத்தோடு நின்றான். கையில் கடப்பாரை.

“பெஞ்சுகளக் கழட்டணும். எந்த எடம்னு காலையிலதான் சொன்னாங்க.”

“சொன்னதும் லாரிய விட்டு எறங்கிருக்கலாமே?”

“எறங்கி? இத்தன நாள் கழிச்சு இன்னிக்குத்தான் ஒருத்தன் வேலைக்குக் கூப்பிட்டான்.”

“ஆலை கேட்ல படுத்துக்கிட்டு, என்னத் தாண்டித்தான் போவணும்னு சொன்னது யாரு?”

“படுத்தேன். தாண்டிப் போயிட்டாங்கல்ல.”

வெரோனா வாசற்படியில் குறுக்காக உட்கார்ந்தாள். லாரியிலிருந்து மேஸ்திரி குரல் கொடுத்தான். “ஏப்பா, வீட்டுச் சண்டைய வீட்ல வெச்சுக்கக் கூடாதா?” யாரோ சிரித்தார்கள்.

மிலன் அவள் பாவாடை மேல் பூட்ஸ் படாமல், காலைத் தூக்கி வைத்து உள்ளே போனான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்றுதான் இருந்தாள். ஆனால் பெஞ்சு உடையும் சத்தம் வரவில்லை.

திரும்பினாள். அவனுடைய புதுச் சபையில் தீர்த்தமும் கிடையாது, சிலுவைக்குறியும் கிடையாது. ஆனாலும் விரல்கள் பழக்கத்தில் வாசலோரத் தீர்த்தத் தொட்டிக்குள் போயிருந்தன. தொட்டி காய்ந்து கிடந்தது. வெறும் விரலால் நெற்றியைத் தொட்டுக்கொண்டு, பெண்களுக்குப் பின்னால் ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்தான். கடப்பாரை மடியில் குறுக்காகக் கிடந்தது.

லுட்மிலா விட்ட இடத்திலிருந்து ஜெபமாலையைத் தொடங்கினாள். வெளியே லாரி ஹாரன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.