என் பேரில் ஐந்து விக்கெட்

நாட்டுக்காக ஆடியவர் என்று என்னைத் தேடிக்கொண்டு ஒரு பத்திரிகைக்காரப் பெண் போன் செய்தபோது, நான் குளியலறைக் கண்ணாடி ஒன்றைத் தப்பாக வெட்டிவிட்டேன். அரை அங்குலம் குறைந்துபோனது. துணி என்றால் ஒட்டுப் போடலாம். கண்ணாடியில் குறைந்தது குறைந்ததுதான்.

இதுவரை வந்த பத்தொன்பது வயதுக்குட்பட்ட தேசிய அணிகளை எல்லாம் ஒப்பிட்டு, எது சிறந்தது என்று எழுதப் போகிறார்களாம். முப்பது வருடத்துக்கு முன்னால் கோப்பை வென்ற அணியில், இறுதிப் போட்டியில் ஐந்து விக்கெட் எடுத்த இடது கைச் சுழல் பந்து வீச்சாளரைப் பார்க்க வேண்டுமாம். அவருடைய பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி எல்லாம் என்னுடையவைதான். விக்கெட் எடுத்தவன் மட்டும் நான் இல்லை, என் அண்ணன்.

அண்ணனுக்கு வீட்டில் சுழி என்று பேர். செய்த சேட்டைக்கு அம்மா வைத்தது. அந்த வருடம் அவனுக்கு இருபது முடிந்திருந்தது, எனக்குப் பதினாறு. ஆள் ஒல்லிக்குச்சி, மீசையை மழித்துவிட்டால் அவனை என் தம்பி என்பார்கள். அப்பா என் பிறப்புச் சான்றிதழை எடுத்து, விண்ணப்பத்தில் அவன் போட்டோவை ஒட்டிக் கொடுத்துவிட்டார். ஒரே வயிற்றுப் பிள்ளைகள், யார் பேரில் போனால் என்ன என்பது அவர் நியாயம். பேப்பரில் என் பேர் வந்ததும் அதை வெட்டி வைத்துக்கொண்ட அசடு நான்தான்.

பதினெட்டு வயதில் நானும் தேர்வுக்குப் போனேன். நானும் இடது கை, நானும் சுழல். உண்மையைச் சொன்னால், அவனை விட என் பந்து அதிகம் திரும்பும். ரெண்டு வருடத்தில் எவன் ஞாபகம் வைத்திருப்பான் என்று அப்பாதான் தைரியம் சொல்லி அனுப்பினார். வரிசையாக நாலு பேரை வீழ்த்தினேன். தேர்வாளர் முதுகில் தட்டிக் கொடுத்தார். பேர் எழுதிக்கொள்ள உட்கார்ந்திருந்த குமாஸ்தா பழைய பட்டியலைப் புரட்டி, அதே பேர், அதே பிறந்த தேதி, போட்டோவில் வேறு முகம் என்று கண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"இந்தப் பேர்ல ஏற்கெனவே ஒருத்தன் ஆடிட்டானே. நீ யாருப்பா?"

நான் யாரென்று சொன்னால் அண்ணன் மாட்டிக்கொள்வான். தப்பான வரிசையில் நின்றுவிட்டேன் என்று சொல்லிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதோடு என் கிரிக்கெட்டுக்குத் தலைமுழுக்கு. அண்ணனுக்காவது விடிந்ததா என்றால் அதுவும் இல்லை. அடுத்த வருடமே தோள்பட்டை போய்விட்டது. கடைசிவரை பள்ளிக்கூட வேன் ஓட்டினான்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில், மூச்சு வாங்க வாங்க, "உன் பேரைக் கெடுத்துடலையேடா?" என்று கேட்டான். நீதானே எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தாய் என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்திலும் எனக்குப் பழைய எரிச்சல். பேசாமல் படு என்றேன். இரண்டாம் நாள் போய்விட்டான். பாவி, நான் வேறென்ன?

பத்திரிகையிலிருந்து வருகிறார்கள் என்று தெரிந்ததும் அண்ணி காலையிலேயே என் கண்ணாடிக் கடைக்கு வந்துவிட்டார். ஒரே ஒரு தடவை அண்ணன் பேர் அச்சில் வந்தால் போதும் என்றார். அவர்கள் மகளுக்கு அப்பா வேன் ஓட்டினவர் என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. சொன்னாலும் நம்ப மாட்டேன் என்கிறாள். நான் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவனுக்காக மட்டும் இல்லை. நான் ஏன் கண்ணாடி வெட்டிக்கொண்டிருக்கிறேன் என்பதும் நாலு பேருக்குத் தெரியட்டுமே என்று எனக்கும் ஓர் ஆசை.

அந்தப் பெண் சொன்ன நேரத்துக்கு வந்தாள். வெட்டும் மேசையில் இருந்த சில்லுகளை நான் துடைத்துக் கொடுக்க, கம்ப்யூட்டரைத் திறந்து வைத்தாள். எல்லா அணிகளையும் கழித்துக் கழித்துக் கடைசியில் இரண்டு நிற்கிறதாம். ஒன்று எங்கள் அணி. மற்றது இரண்டு வருடம் கழித்து வந்த அணி. மட்டையடி, வேகப் பந்து, பீல்டிங் எல்லாவற்றிலும் அந்த இரண்டாவது அணிதான் ஒரு படி மேல். ஆனாலும் பந்து திரும்பும் மைதானத்தில் அரையிறுதியில் தோற்றுவிட்டார்கள்.

"அந்த டீம்ல உங்கள மாதிரி ஒரு இடது கை ஸ்பின்னர் மட்டும் இருந்திருந்தா, ஒப்பிடவே வேண்டியதில்ல சார். எல்லாக் காலத்துக்கும் அவங்கதான் நம்பர் ஒன்," என்றாள்.

அந்த ஒருத்தன் அவளுக்கு எதிரிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறான். வாய்வரை வந்துவிட்டது. ஆனாலும் முப்பது வருடப் பழக்கம், சுற்றி வளைத்துத்தான் ஆரம்பித்தேன்.

"ஒரு பேச்சுக்குக் கேக்கறேன்மா. கோப்பை ஜெயிச்ச டீம்ல ஒருத்தனுக்கு வயசு கூடன்னு இப்பத் தெரிஞ்சா என்ன செய்வீங்க?"

அவள் யோசிக்கவே இல்லை. அந்த அணியையே பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம் என்றாள். கோப்பை, ஸ்கோர், விக்கெட் எதுவும் செல்லாது. அந்த ஆட்டக்காரர் பேரைக்கூட எழுத மாட்டோம், மற்ற பத்துப் பேரை நினைத்தால்தான் பாவம் என்றாள். நேற்றுத்தான் கேப்டனிடம் பேசியிருக்கிறாள். அந்த ஐந்து விக்கெட் இல்லாவிட்டால் எங்களுக்கு ஏது கோப்பை என்று அவர் இன்றைக்கும் சொல்கிறாராம்.

நான் அண்ணியைப் பார்த்தேன். பொய்யான பேரிலாவது அந்த ஐந்து விக்கெட் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் அதுவும் அழிந்துபோகும். நான் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் அண்ணி போட்டுவிட்டார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார்.

"எழுதிக்கோம்மா. இவர்தான் ஆடினாரு. என் கொழுந்தனாரு. அஞ்சு விக்கெட்டும் இவர் எடுத்ததுதான்."

என்னைக் காட்டி, இவன் நாட்டுக்கு ஆடினவன் என்று யாராவது ஒருவர் சொல்ல மாட்டார்களா என்று முப்பது வருடமாக ஏங்கியிருக்கிறேன். சொன்னது அண்ணன் பெண்டாட்டி. அவர் குரல் பிசிறவில்லை.

அந்தப் பெண் அண்ணியிடம் அன்பாக விசாரித்தாள். கணவர் தவறி மூன்று மாதம்தான் ஆகிறது என்று கேட்டதும் எழுந்து நின்று, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"உங்க அண்ணனும் கிரிக்கெட் ஆடுவாரா சார்?"

அண்ணி வாயைத் திறந்தார். இந்த ஒன்றை மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை.

"அவனுக்கு அதெல்லாம் வராது," என்றேன். "நான் ஆடறப்போ வேடிக்கை பார்க்க வருவான்."

அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.